பல் நலப் பணிக்கு நிதி கேட்கப் போகிறீர்களா? இரண்டாவது வருகைக்கும் சேர்த்துக் கேளுங்கள்

இலவசப் பல் முகாம் ஒன்று நடத்தப் பணம் வேண்டும் என்றால் யாராவது கொடுத்துவிடுவார்கள். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், புகைப்படம் கிடைக்கும், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கும் அன்று மாலையே தயாராகிவிடும். அதே பிள்ளைகளை ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கப் பணம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு இழுத்துக்கொண்டே போகும். ஆனால் பல் சொத்தை ஒரு நாளில் வருவதில்லை, ஒரு நாளில் நிற்பதும் இல்லை. சொத்தையைத் தடுக்கப் பல்லில் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷ் ஒரு தடவை பூசினால் போதாது. சொத்தைக் குழியில் அடைத்த சிமென்ட் பெயர்ந்து வந்தால் பார்க்க ஆள் வேண்டும். அதனால் இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் விண்ணப்பத்தில் இரண்டாவது வருகைக்கான பணம் எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை.

பல் மருத்துவ மாணவர்கள், படித்து முடித்துச் சமூகப் பணிக்கு வர நினைப்பவர்கள், சின்னத் தொண்டு அமைப்பு நடத்துகிறவர்கள், கல்லூரியில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத் துறையில் இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தத் துறையில் அறக்கொடைப் பணம் மூன்று வழியாக வருகிறது. மாணவருக்கான உதவித்தொகை ஒன்று. கல்லூரிக்கான நிதி இன்னொன்று: பயிற்சி ஆய்வகம், டென்டல் சேர், ஆசிரியர் பயிற்சி, மாணவர்களை வெளி மருத்துவமனைகளுக்கு அனுப்பும் செலவு போன்றவை இதில் அடங்கும். மூன்றாவது, மக்களிடம் நேராகப் போகும் பணிக்கான மானியம். ஒரே அறக்கட்டளை மூன்றையும் கொடுக்கலாம். ஆனால் மூன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசித் தேதி, தனித்தனிக் குழு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தாளில் கலந்து கேட்டால், படிப்பவருக்கு இது யார் மேசைக்குப் போக வேண்டும் என்றே புரியாது.

கல்வியும் சமூகப் பணியும் ஒன்றையொன்று தாங்கும்படி திட்டம் போடலாம், அது வேறு விஷயம். இந்தத் துறையின் வரலாறே அப்படித்தான் இருக்கிறது. ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1913இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பல் சுகாதாரப் பணியாளர்களுக்கு முதல் வகுப்பைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் அந்த ஊர்ப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்தார்கள், துலக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கோடாக் நிறுவனத்தின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொடுத்த பணத்தில் 1917இல் ராச்செஸ்டரில் பிள்ளைகளுக்கான பல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பிறகு லண்டன், ரோம், பிரஸ்ஸல்ஸ், ஸ்டாக்ஹோம், பாரிஸ் நகரங்களிலும் அவர் பணத்தில் அப்படிப்பட்டவை எழுந்தன. ஏழைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் தொடங்கிய லண்டன் மருத்துவமனையிலிருந்துதான் இன்று உலகெங்குமிருந்து மாணவர்கள் தேடிப்போகும் ஈஸ்ட்மன் பல் மருத்துவக் கல்வி நிலையம் வளர்ந்தது.

இரண்டாவது படி: யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்

பல் மருத்துவச் சங்கங்களின் அறக்கட்டளைகள்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பான எஃப்டிஐ, வசதி குறைந்த பகுதிகளில் நடக்கும் பணிகளுக்கென்று தனி நிதி வைத்திருக்கிறது. 1936இல் தொடங்கிய பல் மருத்துவர் அமைப்பான பியர் ஃபோஷார் அகாடமி, தன் அறக்கட்டளை வழியாக மாணவர்களுக்கும் கொடுக்கிறது, தொண்டுப் பணிக்கும் கொடுக்கிறது. ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்துக்குப் பணி நடக்கும் இடத்தில் ஒரு ரோட்டரி சங்கமும், வேறொரு நாட்டில் துணையாக இன்னொரு சங்கமும் வேண்டும். தேவை என்ன என்று மக்களிடமே கேட்டறிந்த அறிக்கையையும் விண்ணப்பிக்கும் முன்பே கையில் வைத்திருக்க வேண்டும். இவை தவிர, பல் காப்பீட்டு நிறுவனங்களின் அறக்கட்டளைகள், குடும்ப அறக்கட்டளைகள், கல்லூரியின் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. புதியவர்களுக்குக் கடைசியாகச் சொன்ன இரண்டும் நல்ல தொடக்கம். தொகை சிறியதாக இருக்கும், ஆனால் பேசினால் காது கொடுப்பார்கள்.

ஒவ்வொரு அமைப்பும் போன வருடம் யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தது என்று வெளியிட்ட பட்டியலைத் தேடிப் படியுங்கள். அவர்கள் அறிக்கைகளில் சொல்லும் நோக்கத்தைவிட இந்தப் பட்டியல்தான் உண்மையைச் சொல்லும். பெரியவர்களின் பல்செட்டுக்கு இதுவரை ஒரு தடவைகூடக் கொடுக்காத இடத்தில் பல்செட்டுக்குக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நிறுவனப் பணம் பற்றி ஒரு வார்த்தை. இனிப்புப் பானம், மிட்டாய் விற்கும் நிறுவனத்தின் பணத்தைப் பல் நலப் பணிக்கு வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உணவில் சேர்க்கும் சர்க்கரை, மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதற்குப் பல் சொத்தையும் ஒரு முக்கியக் காரணம். சொத்தையை உண்டாக்கும் பொருளின் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குள் போனால், நாம் சொல்லும் எதையும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பற்பசை நிறுவனங்கள் தருவதை வாங்கலாம். அப்போதும், வகுப்பறையில் விளம்பரம் இல்லை, பிள்ளைகளின் படம் விற்பனைக்குப் பயன்படாது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: பணம் கேட்பதற்கு முன் எண்ணுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

உலக அளவில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. விண்ணப்பத்தின் முதல் வரியில் இதை எழுதத் தோன்றும். எழுதலாம், ஆனால் படிப்பவருக்கு அது ஏற்கனவே தெரியும். அவருக்குத் தெரியாதது, நீங்கள் போகப்போகும் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் வலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். அந்த எண்ணிக்கை உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

இதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. வாய்க் கண்ணாடி, நல்ல வெளிச்சம், கையுறை, பதிவுத் தாள், பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஒருவர், இவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு முறை 5, 12, 15 வயதுகளையும், பெரியவர்களில் 35 முதல் 44, 65 முதல் 74 வயதுகளையும் பார்க்கச் சொல்கிறது. 5 வயதில் பால்பல்லின் நிலை தெரியும். 12 வயதில் கடைசிக் கடைவாய்ப்பல் தவிர நிரந்தரப் பற்கள் அநேகமாக எல்லாம் முளைத்திருக்கும். புதியவர்கள் இந்த இரண்டு வயதை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். சொத்தையான பல், சொத்தையால் இழந்த பல், அடைத்த பல் மூன்றையும் கூட்டும் பழைய கணக்கு இன்றும் பயன்படுகிறது. அதோடு 2010இல் வந்த பூஃபா என்ற அளவீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கவனிக்காமல் விட்ட சொத்தையின் விளைவை அது எண்ணுகிறது: பல்லின் உட்கூழ் வெளியே தெரிகிறதா, உடைந்த பல் குத்திப் புண் ஆகியிருக்கிறதா, ஈறில் சீழ் வடியும் துளை இருக்கிறதா, சீழ்க்கட்டி இருக்கிறதா. நிதிக்குழுவில் பல் மருத்துவம் படிக்காதவர்களும் இருப்பார்கள். ‘ஒரு பிள்ளைக்குச் சராசரியாக இத்தனை சொத்தை’ என்ற வரி அவர்களுக்கு ஒரு எண், அவ்வளவுதான். ‘இந்த வகுப்பில் இத்தனை பிள்ளைகளின் ஈறில் இப்போது சீழ் இருக்கிறது’ என்றால் உடனே புரியும்.

அப்புறம், தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்: பல் வலியால் பள்ளிக்கு வராத நாட்களைக் குறித்து வைத்திருக்கிறார்களா? பெரும்பாலும் இருக்காது. அடுத்த மூன்று மாதம் குறித்துவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பின்னால் திட்டம் பலன் தந்ததா என்று காட்ட அந்தக் குறிப்பேடு உதவும்.

ஒரு நிபந்தனை உண்டு. சீழோடு ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்தால் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யாமல் யார் வாயையும் திறந்து பார்க்காதீர்கள். ‘பல் மருத்துவரைப் பார்க்கவும்’ என்று எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு வருவது அந்தத் தாயின் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு வருவதுதான். பெற்றோரின் ஒப்புதலும் பள்ளியின் அனுமதியும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது படி: நிலைக்கிற வேலையைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் நடமாடும் பல் மருத்துவ வண்டிக்குத்தான் முதலில் ஆசைப்படுவார்கள். வண்டிக்கு ஓட்டுநர் வேண்டும், எரிபொருள் வேண்டும், கம்ப்ரசர் பழுதானால் சரிசெய்ய ஆள் வேண்டும். வண்டியில்லாமல் செய்யக்கூடிய வேலையே ஏராளம்.

தினமும் பள்ளியில் ஆசிரியர் முன்னிலையில் ஃப்ளூரைடு பற்பசையால் துலக்கவைப்பது முதல் வேலை. பற்பசையில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) ஃப்ளூரைடு இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயதுக்குப் பட்டாணி அளவு. துலக்கிய பின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு நிறையக் கொப்பளிக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் சைல்ட்ஸ்மைல் திட்டத்தில் மழலையர் பள்ளிகளில் இதைத்தான் செய்கிறார்கள். அந்தத் துலக்கும் திட்டத்துக்கு ஆன செலவைவிட, ஐந்து வயதுப் பிள்ளைகளின் சிகிச்சையில் மிச்சமான பணம் அதிகம் என்று 2015இல் வெளியான கணக்கு காட்டியது. நிதிக்குழுவிடம் பேசும்போது இந்த உதாரணம் கைகொடுக்கும்.

அடுத்தது ஃப்ளூரைடு வார்னிஷ், வருடத்துக்கு இரண்டு தடவையாவது. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் பள்ளங்களை மூடும் சீலன்ட் இன்னொன்று. இந்தப் பல்லைப் பல பெற்றோர் பால்பல் என்றே நினைத்துக் கொள்கிறார்கள், விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். சொத்தை வந்துவிட்ட பல்லுக்கு, துளையிடும் கருவியும் மின்சாரமும் இல்லாமல் கைக்கருவியால் மெத்தென்ற பகுதியைச் சுரண்டி எடுத்துக் கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து அடைக்கும் முறை இருக்கிறது. 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவான முறை இது. பல்லின் ஒரு பக்கம் மட்டும் சொத்தையாக இருந்தால் நன்றாகவே நிற்கும். இரண்டு பக்கம் உடைந்த பால்பல்லில் அவ்வளவாக நிற்பதில்லை, அதையும் விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற பூச்சு மருந்து சொத்தை பரவுவதை நிறுத்தும், ஆனால் சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். பூசுவதற்கு முன் கறுத்த பல்லின் படத்தைத் தாய் தந்தையிடம் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் தொட வேண்டும். முன்பல் என்றால் இன்னும் நிதானமாகப் பேசுங்கள்.

ஃப்ளூரைடு பற்பசை, சில்வர் டயமைன் ஃப்ளூரைடு, கிளாஸ் அயனோமர் சிமென்ட் மூன்றும் 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. ‘இது ஏன்?’ என்று கேட்கும் குழுவுக்கு இந்த ஒரு வரியே பாதிப் பதில்.

ஐந்தாவது படி: செலவுக் கணக்கு

200 பிள்ளைகள் இருக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு இரண்டு தடவை வார்னிஷ் என்றால் 400 பூச்சு. இதுவரை எல்லோரும் எழுதிவிடுவார்கள். அன்று வராத பிள்ளைகளுக்காக இன்னொரு நாள் போக வேண்டுமே, அந்தப் பயணச் செலவு எங்கே? அடுத்த வருடம் முதல் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எங்கே? சீழ் வந்த பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் செலவு, அன்று வேலைக்குப் போக முடியாத தாயின் கூலி, இவை எங்கே?

விட்டுப்போகும் மற்ற வரிகள்: கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் ஆட்டோகிளேவின் பராமரிப்பு, ஊசி போன்ற கூர்மையான கழிவை அப்புறப்படுத்துவது, தகவலைப் பதிவுசெய்யும் ஆளின் சம்பளம், தணிக்கையாளர் கட்டணம், வெளிநாட்டுப் பணம் என்றால் மாற்று விகிதம் இறங்கினால் சமாளிக்க ஒரு சிறு ஒதுக்கீடு. அலுவலகச் செலவுக்கு எத்தனை சதவீதம் அனுமதி என்று ஒவ்வொரு அமைப்பும் ஒரு விதி வைத்திருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு முழுதாகக் கேளுங்கள். அலுவலகச் செலவே இல்லை என்று எழுதினால் நேர்மையாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். அனுபவமுள்ள குழுவுக்கு அதைப் பார்த்தால் சந்தேகம்தான் வரும்.

பணத்துக்குப் பதில் பொருளாகத் தருகிறோம் என்பார்கள். பழைய டென்டல் சேர் வருகிறது என்றால் மின்னழுத்தம் பொருந்துமா, உதிரிப் பாகம் இன்னும் தயாரிக்கிறார்களா, பழுது பார்க்க யார் என்ற மூன்று கேள்விக்குப் பதில் வந்த பிறகு ஒத்துக்கொள்ளுங்கள். சிமென்ட், மரத்துப்போகப் போடும் ஊசி மருந்து போன்றவை காலாவதியாக ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்று நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையாக மறுப்பதில் தவறே இல்லை.

ஆறாவது படி: எழுதுவது

முதலில் ஒரே பக்கத்தில் எழுதி, அந்த அமைப்பில் திட்டங்களைக் கவனிப்பவரிடம் காட்டி, முழு விண்ணப்பம் அனுப்பலாமா என்று கேளுங்கள். பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். கேட்பதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்றைக் காட்டுகிறேன். ‘மாணவர்களிடையே வாய் சுகாதார விழிப்புணர்வை மேம்படுத்துவோம், 200 பிரஷ் வழங்குவோம்’ என்று எழுதினால், பிரஷ் கொடுத்த அன்றே திட்டம் முடிந்துவிட்டது. அதையே இப்படி எழுதலாம்: ‘இரண்டு வருட முடிவில், இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருடைய முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் நான்கும் சொத்தையில்லாமல் இருக்கின்றன என்று அதே மருத்துவர் அதே முறையில் பார்த்துச் சொல்வார். வாரத்தில் எத்தனை நாள் வகுப்பில் துலக்கினார்கள் என்பதை ஆசிரியர் குறிப்பேட்டிலிருந்து சொல்வோம்.’ இதில் இரண்டாவது வருகை தானாகவே உள்ளே வந்துவிடுகிறது பாருங்கள். அதற்குப் பணம் ஒதுக்காமல் அந்த வாக்குறுதியை நிறைவேற்ற முடியாது என்று குழுவுக்கும் தெரியும்.

பள்ளியிலிருந்தும் உள்ளூர் சுகாதார அதிகாரியிடமிருந்தும் ஆதரவுக் கடிதம் வாங்குங்கள். ‘வாழ்த்துகிறோம்’ என்று முடியும் கடிதத்தால் பயனில்லை. தினமும் துலக்க எத்தனை நிமிடம் ஒதுக்குவார்கள், தண்ணீருக்கு யார் பொறுப்பு, பணம் முடிந்த பின் எந்தச் செலவை அவர்கள் ஏற்பார்கள் என்று அதில் இருக்க வேண்டும்.

மாணவர்களுக்குத் தனியாக

உதவித்தொகைக் கட்டுரையில் சின்ன வயதிலிருந்தே பல் மருத்துவர் ஆக ஆசை என்று தொடங்காதீர்கள். நீங்கள் கவனித்த ஒரு நோயாளியையோ ஒரு பிரச்சினையையோ, பெயர் சொல்லாமல், நுணுக்கமாக எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் பேராசிரியரிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள், நீங்கள் செய்த வேலைகளின் குறிப்பையும் கையில் கொடுங்கள். கல்விக் கட்டணத்துக்கு மட்டும் தருகிறார்களா, கருவிகள், பயிற்சி மாதிரிகள், தேர்வுக் கட்டணம், தங்குமிடம் ஆகியவற்றுக்கும் தருகிறார்களா என்று பாருங்கள். பல் மருத்துவப் படிப்பில் கருவிச் செலவே பல மாணவர்களை மூச்சுமுட்ட வைக்கிறது.

படித்து முடித்ததும் குறிப்பிட்ட இடத்தில் சில வருடம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு வரும் உதவி நல்லதுதான். ஆனால் எத்தனை வருடம், எந்த இடம், சம்பளம் யார் தருவார், மேற்படிப்பு கிடைத்தால் தள்ளிவைக்கலாமா, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்லூரிகளுக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை 2001இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவர்களைச் சமூக மருத்துவமனைகளுக்கு வேலைசெய்ய அனுப்பின. 60 நாள் என்பது இலக்கு. இப்படித் திட்டம் போடும்போது மேற்பார்வை செய்யும் மருத்துவரின் சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தன் கல்லூரியில் செய்ய அனுமதி இல்லாத சிகிச்சையை, ஏழைகள் என்பதற்காக வெளியே போய் ஒரு மாணவர் செய்துபார்ப்பது எந்த நாட்டிலும் ஏற்கத்தக்கதல்ல.

பணம் வந்த பிறகு

தனி வங்கிக் கணக்கு அல்லது தனிப் பேரேடு, எல்லாச் செலவுக்கும் ரசீது, ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் பணத்தை மாற்றும் முன் எழுதிக் கேட்டு அனுமதி. பெரும்பாலும் தொகை தவணைகளாக வரும். அறிக்கை தாமதமானால் அடுத்த தவணையும் தாமதமாகும், வார்னிஷ் பூசும் தேதியும் தள்ளிப்போகும். எனவே அறிக்கைத் தேதிகளைப் பள்ளிக்குப் போகும் தேதிகளோடு ஒரே நாள்காட்டியில் குறியுங்கள்.

ஏதாவது சரியாக நடக்கவில்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள். பள்ளி மூன்று மாதம் துலக்குவதை நிறுத்திவிட்டது, தண்ணீர் இல்லை என்று அப்போதே எழுதினால் வழி சொல்வார்கள், சில நேரம் குழாய்க்கே பணம் தருவார்கள். வருட முடிவில் தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணம் கேட்டு எழுதுங்கள், பல அமைப்புகள் மதிப்பீட்டாளர் குறிப்புகளைத் தருகின்றன. வந்த குறிப்பைத் தேவை, செலவு, எழுத்து என்று பிரித்துப் பாருங்கள். செலவும் எழுத்தும் என்றால் அடுத்த சுற்றுக்குள் திருத்திவிடலாம். தேவையைச் சரியாகக் காட்டவில்லை என்றால் பள்ளிக்குத் திரும்பிப் போய் மறுபடி எண்ணுங்கள். அந்த மூன்று மாதக் குறிப்பேடு இதற்குள் நிறைந்திருக்கும், புது விண்ணப்பத்தில் அதைச் சேர்த்து அனுப்புங்கள்.